கூடுதல் லைட்டுகளின் சுவிட்சை வண்டிக்குள் எங்கே பொருத்துவது?

கேள்வி இதுதான்: காட்டுப் பாதையிலும் கல்லு மேட்டிலும் ஓடுகிற ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி. முன் பம்பரில் தூரத்துக்கு அடிக்கும் இரண்டு டிரைவிங் லைட், பானெட் ஓரங்களில் இரண்டு பக்கவாட்டு லைட், பின்னால் ஒரு ரிவர்ஸ் ஒர்க் லைட், கேரியரில் ஒரு கேம்ப் லைட். ஆக நான்கு சுவிட்சுகள். இவற்றை டாஷ்போர்டில் வைப்பதா, தலைக்கு மேல் கூரையில் வைப்பதா, கியர் லீவருக்குப் பக்கத்தில் வைப்பதா?

நான்கையும் ஒரே வரிசையில் அடுக்கிவிட வேண்டும் என்றுதான் பெரும்பாலோருக்குத் தோன்றும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் லைட்டைப் போட யாரும் அவசரப்படுவதில்லை. அணைக்கத்தான் அவசரம் வரும். ஆகவே ஒவ்வொரு சுவிட்சையும் பார்த்து "இதை எவ்வளவு சீக்கிரம் அணைக்க வேண்டியிருக்கும்?" என்று கேளுங்கள். இடம் பாதி முடிவாகிவிடும்.

டிரைவிங் லைட்டை எடுத்துக்கொள்வோம். எதிரே வரும் வண்டியும் நீங்களும் தலா மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வந்தால், இடையிலுள்ள தூரம் வினாடிக்கு 33 மீட்டர் குறைகிறது. சுவிட்சைத் துழாவ மூன்று வினாடி ஆனால் 100 மீட்டர் போய்விட்டது. அவ்வளவு நேரமும் எதிர் டிரைவருக்குக் கண் தெரியாது. எதிரே வண்டியே வராவிட்டாலும் இதே அவசரம் வரும். முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதியிலோ திடீர் மூடுபனியிலோ நுழைந்தால், சக்தி வாய்ந்த லைட் அதில் பட்டுத் திரும்பி வெள்ளைச் சுவர் போல நிற்கும். அந்த நொடியில் அணைத்தாக வேண்டும். பானெட் மேலும் கூரை மேலும் இருக்கும் லைட்டுகள் கண்மட்டத்துக்கு அருகில் இருப்பதால் இந்தத் தொல்லையை இன்னும் அதிகமாகத் தரும்.

கேம்ப் லைட்டை அணைக்கப் பத்து வினாடி தேடினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. அதற்கு வேறு கவலை உண்டு: அணைக்க மறந்துபோவது. ஒரு 20 வாட் லைட் 12 வோல்ட்டில் சுமார் 1.7 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேரம் எரிந்தால் பேட்டரியில் 17 ஆம்பியர்-மணி காலி. அதனால் கேம்ப் லைட் சுவிட்ச் கைக்கு எட்டுவதைவிட, வண்டியை விட்டு இறங்கும்போது அதன் இண்டிகேட்டர் கண்ணில் படுவதுதான் முக்கியம்.

பக்கவாட்டு லைட் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். மெதுவாக ஏறி இறங்கும்போதுதான் அது தேவை. பக்கத்து சீட்டில் இருப்பவர் போட்டு அணைத்தாலும் சரிதான். ரிவர்ஸ் லைட் தானாக எரிந்து தானாக அணைவதே நல்லது. அதைக் கீழே சொல்கிறேன்.

பெல்ட் பூட்டிய நிலையில் கை எட்டுகிறதா

கராஜில் வண்டியை நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து, கையை நீட்டிப் பார்த்து "எட்டுகிறது" என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கிற தப்பு. அப்போது தோள் சீட்டை விட்டு ஒரு சாண் முன்னால் வந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. கரடுமுரடான பாதையில் அந்த ஒரு சாண் கிடைக்காது. சீட் பெல்ட்டின் சுருள் குலுங்கினாலும் சாய்ந்தாலும் பூட்டிக்கொள்ளும். ஐ.நா.வின் 16ஆம் எண் வாகன ஒழுங்குமுறைப்படி, வழக்கமான வகைச் சுருள் 12 டிகிரி சாய்வு வரை பூட்டக் கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் உங்கள் பெல்ட் ஏற்கெனவே பூட்டியிருக்கலாம் என்று அர்த்தம். டாஷ்போர்டின் தூர ஓரத்தில் வைத்த சுவிட்சுக்கு அப்போது விரல் நுனி மட்டும் போய், தொடாமல் நிற்கும்.

எனவே சோதனை இப்படி இருக்கட்டும். சீட்டை நீங்கள் ஓட்டும் நிலையில் வையுங்கள். பெல்ட்டைப் போட்டு, வெடுக்கென்று இழுத்துப் பூட்ட வையுங்கள். முதுகைச் சாய்மானத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு கை ஸ்டீயரிங்கை விடக் கூடாது. இப்போது மற்ற கை தொடும் இடங்கள் மட்டுமே அவசர சுவிட்சுக்கு உரியவை. அந்த வண்டியை ஓட்டுபவர்களில் குள்ளமானவரையும் உயரமானவரையும் தனித்தனியே உட்காரவைத்துப் பாருங்கள். குளிருக்குக் கையுறை போடுபவர் என்றால் கையுறையுடனேயே.

அடுத்தது, கை ஊன்ற இடம். குலுங்கும் வண்டியில் அந்தரத்தில் நீட்டிய விரல் குறிப்பிட்ட சுவிட்சில் போய் நிற்காது. ஒரு விரற்கடை தள்ளிப் பக்கத்து சுவிட்சைத் தட்டும். சுவிட்சுக்குக் கீழேயோ பக்கத்திலோ உள்ளங்கையோ கட்டைவிரலோ ஊன்றிக்கொள்ள ஒரு விளிம்பு இருந்தால் தப்பே நடக்காது. டாஷ்போர்டின் அடி விளிம்பு, கன்சோலின் ஓரம், கைப்பிடி எல்லாம் இதற்கு ஆகும். தட்டையான பலகையின் நடுவில் வைத்த சுவிட்சுக்கு இந்த வசதி கிடையாது.

எந்தக் கை என்பதும் முக்கியம். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருந்தாலும், ஒரு கை கதவுப் பக்கம், ஒரு கை கியர் பக்கம். மேனுவல் கியர் வண்டியில் கியர் பக்கக் கை எப்படியும் ஸ்டீயரிங்கை விட்டு வந்து போகும். கதவுப் பக்கக் கைதான் கடைசி வரை பிடித்திருக்கும். ஆகவே அவசர சுவிட்ச் கியர் பக்கக் கையின் வழியில் இருக்கட்டும். கதவுப் பக்கம்தான் வைத்தாக வேண்டும் என்றால், ஸ்டீயரிங் வளையத்திலிருந்து உள்ளங்கையை எடுக்காமலே விரல் எட்டும் தொலைவில் வையுங்கள்.

ஒவ்வொரு இடமாக

கம்பெனி விட்டுவைத்திருக்கும் காலி மூடிகள்தான் முதலில் பார்க்க வேண்டியவை. ஸ்டீயரிங்குக்குக் கதவுப் பக்கமோ ரேடியோவுக்குக் கீழோ இரண்டு மூன்று பிளாஸ்டிக் மூடிகள் பெரும்பாலான வண்டிகளில் இருக்கும். அந்த இடத்துக்குப் பின்னால் வெற்றிடம் உண்டு, வயர் போக வழி உண்டு, வெட்ட வேண்டியதில்லை, நாளைக்கு விற்கும்போது பழைய மூடியைப் போட்டுவிடலாம். அந்த அளவுக்கே செய்த புஷ் சுவிட்சுகள் பல வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு மூடியின் அளவு மாறுவதுண்டு; மூடியைக் கழற்றி, காலிப்பரில் அளந்த பிறகு வாங்குங்கள். இவற்றில் ஒரு குறை: சில வண்டிகளில் இந்த மூடிகள் முழங்காலுக்குப் பக்கத்தில், ஸ்டீயரிங் வளையத்தின் மறைவில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரே மாதிரி நான்கு சுவிட்ச் இருந்தால் எது எது என்று விரலுக்குத் தெரியாது. அங்கே ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கியர் லீவருக்கு அருகிலுள்ள கன்சோல் கைக்கு மிக நன்றாக எட்டும், ஊன்றவும் இடம் உண்டு. அதனாலேயே கேடும் உண்டு. கியர் லீவர், டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் (ஃபோர் வீலுக்கும் லோ ரேஞ்சுக்கும் மாற்றுவது), ஹேண்ட் பிரேக் மூன்றையும் அவற்றின் முழு வீச்சுக்கும் ஆட்டிப் பாருங்கள். இரண்டாவது கியருக்கு இழுக்கும்போது விரல் முட்டி சுவிட்சில் படுகிறதா? லோ ரேஞ்சில் போட்டபின் லீவர் சுவிட்சை மறைக்கிறதா? படுக்கைவாட்டப் பரப்பில் வைத்த ராக்கர் சுவிட்சின் (இரு பக்கமும் சாய்த்து அழுத்தும் வகை) இடுக்கில் புழுதி இறங்கும், டீ கொட்டும், கூரை திறந்த வண்டியில் மழை விழும். அங்கே வைத்தால் முன்பக்கம் சீல் செய்த சுவிட்சாக, புழுதியும் தண்ணீரும் புகாத ஐபி 67 தரத்தில் வாங்குங்கள். பலகையையும் சற்றே சாய்த்து அமையுங்கள், தண்ணீர் வழிந்தோடட்டும்.

தலைக்கு மேல், சன் வைசர்களுக்கு நடுவில் வைக்கும் பேனல் இப்போது பிரபலம். முழங்கால் இடிக்காது, தண்ணீர் எட்டாது, பக்கத்து சீட்டுக்காரருக்கும் எட்டும், ஆறு எட்டு சுவிட்சுக்கு இடம் உண்டு. கேம்ப் லைட், பக்கவாட்டு லைட், கம்ப்ரஸர் போன்றவற்றுக்கு அருமையான இடம். ஓடும் வண்டியில் அவசரமாக அணைக்கும் சுவிட்சுக்கு அது ஆகாது என்பதே என் கருத்து. பார்வை பாதையை விட்டு மேலே போகிறது, கையை ஊன்ற எதுவும் இல்லை, தோளுக்கு மேல் தூக்கிய கை குலுக்கலில் நிலைகொள்ளாது. தவிர, இரவில் பேனலின் சின்ன விளக்குகள் முன் கண்ணாடியில் பிரதிபலித்து, ரோட்டின் நடுவில் நட்சத்திரம் போல மிதக்கும். ரூஃப் லைனிங் வெறும் அட்டை. ஸ்குரூ அதில் நிற்காது. பேனலை உள்ளே உள்ள இரும்புக் கட்டுடனோ சன் வைசரின் ஸ்குரூத் துளையுடனோ பிணைக்க வேண்டும்.

ஏ பில்லர், அதாவது முன் கண்ணாடியின் ஓரத் தூண், கைக்குப் பக்கம் என்பதால் ஆசை காட்டும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில் அந்தத் தூணின் உறைக்குள்ளேதான் கர்ட்டன் ஏர்பேக்கின் ஒரு பகுதி போகிறது. அங்கே சுவிட்ச் பெட்டியை ஒட்டினால், ஏர்பேக் விரியும்போது அது முகத்தை நோக்கிப் பறக்கும். ஸ்டீயரிங் தண்டுக்கு அடியிலும் சில வண்டிகளில் முழங்கால் ஏர்பேக் உண்டு. பக்கத்து சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டின் மேல்புறம் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியது. கூரை பேனலுக்கு வயரை ஏ பில்லர் வழியே கொண்டுபோவதானால், ஏர்பேக்குக்குப் பின்புறமாக, கம்பெனி வயர் கட்டு போகும் தடத்தையே பிடித்துப் போங்கள். மஞ்சள் கனெக்டர் தென்பட்டால் அது ஏர்பேக் சுற்று. அதில் டெஸ்டர் வைக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். உறையைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள்.

டாஷ்போர்டின் மேல்புறத்தை விட்டுவிடலாம்: வெயிலில் அவ்வளவு சூடாகும் இடம் கேபினில் வேறில்லை, பிரதிபலிப்பும் அங்கேதான் அதிகம். கதவிலும் வேண்டாம், திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வயர் வளைந்து, என்றாவது உள்ளுக்குள் அறும்.

கேம்ப் லைட்டுக்கு வண்டியின் பின்கதவு அருகே இரண்டாவதாக ஒரு சுவிட்ச் வைப்பதை யாரும் யோசிப்பதில்லை. கூடாரத்திலிருந்து எழுந்து வந்து, முன்கதவைத் திறந்து, கேபின் லைட் எரிந்து எல்லாரையும் எழுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். வீட்டு மாடிப்படிக்குப் போடுவதைப் போல இரண்டு டூ வே சுவிட்சுகளை இணைத்தால் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் போடலாம், அணைக்கலாம்.

வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுப்பது), டிஃப் லாக் (ஒரே அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைப்பது) சுவிட்சுகளை லைட் சுவிட்சுகளின் வரிசையில் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். தடவிப்பார்த்து லைட்டைப் போடும் விரல், வின்ச்சை ஓட்டக் கூடாது. அவை வேறு இடத்தில், மூடியுள்ள சுவிட்சாக இருக்கட்டும்.

நல்ல இடம் டாஷ்போர்டிலேயே இல்லாமலும் இருக்கலாம்

இவ்வளவும் சொன்னபின் ஒரு திருப்பம். டிரைவிங் லைட்டை அணைக்க மிகச் சிறந்த இடம் ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது: ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலுள்ள டிம்–பிரைட் லீவர். எதிரே வண்டி வந்தால் விரல் தானாக அங்கேதான் போகிறது. அந்த ஒரே அசைவில் டிரைவிங் லைட்டும் அணையும்படி வயரிங் செய்துவிட்டால், டாஷ்போர்டு சுவிட்சின் வேலை "இன்றைக்கு இந்த லைட் வேண்டுமா வேண்டாமா" என்று அனுமதி கொடுப்பது மட்டுமே. அதன் இடத்தைப் பற்றிய நெருக்கடியும் அத்தோடு தளர்கிறது. பல நாடுகளில் சட்டம் கேட்பதும் இதைத்தான்: டிம் செய்ததும் தூர வெளிச்சம் தரும் எல்லா லைட்டும் அணைய வேண்டும்.

செய்முறை எளிது. இதற்கு ரிலே வேண்டும்: சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் மின் சுவிட்ச் அது, அதன் கால்களுக்கு எண் உண்டு. லைட்டின் பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், பிறகு ரிலேயின் 30, 87 கால்கள் வழியாக நேரே லைட்டுக்குப் போகும், கேபினுக்குள் வராது. ரிலேயின் சுருளை இயக்கும் சின்ன கரண்ட் மட்டும் கேபினுக்கு வரும். ஹை பீம் (பிரைட்) வயரிலிருந்து எடுத்த இணைப்பு, டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக 86ஆம் காலுக்கு. 85ஆம் கால் எர்த்துக்கு. சுவிட்ச் ஆனில் இருந்து, ஹை பீமும் எரிந்தால் மட்டுமே ரிலே பிடிக்கும். டையோடு (கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) உள்ளே வைத்த ரிலே என்றால் 86தான் பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்தால் ஃபியூஸ் போகும் அல்லது டையோடு எரியும்.

எல்லா வண்டியிலும் ஹெட்லைட்டுக்குப் பாசிட்டிவ் பக்கம்தான் சுவிட்ச் என்று நினைத்துவிட வேண்டாம். பல ஜப்பானிய வண்டிகளில், குறிப்பாகப் பழையவற்றில், பல்பின் பொதுக் காலுக்கு 12 வோல்ட் நிரந்தரமாகப் போய், டிம்முக்கும் பிரைட்டுக்கும் எர்த் பக்கம்தான் மாற்றப்படும். கண்டுபிடிக்க: ஹெட்லைட்டைப் போட்டு, ஹெச்4 பல்பின் (டிம்மும் பிரைட்டும் ஒரே பல்பில் உள்ள வகை) சாக்கெட்டைக் கழற்றி, பொதுக் காலை மல்டிமீட்டரில் பாடி எர்த்துக்கு எதிராக அளந்து பாருங்கள். அங்கே 12 வோல்ட் காட்டினால் உங்களுடையது எர்த் மாற்றும் வகை. அதில் பொதுக் காலின் 12 வோல்ட்டை சுவிட்ச் வழியாக 86க்குக் கொடுத்து, 85ஐ ஹை பீம் காலில் இணைக்க வேண்டும். வழக்கமான முறையில் 85ஐ எர்த்தில் போட்டு, ஹை பீம் காலை 86க்குக் கொடுத்தவர்களுக்கு எல்லாம் தலைகீழாக நடக்கும்: டிம்மில் ஃபிலமெண்ட் வழியாக வோல்ட்டேஜ் வந்து ரிலே பிடிக்கும், பிரைட்டில் விட்டுவிடும்.

இன்னொன்று. சில வண்டிகளில் ஹை பீம் பல்பையே குறைந்த சக்தியில் எரியவிட்டுப் பகல் விளக்காக ஓட்டுவார்கள். அதிலிருந்து எடுத்த ரிலே பகலில் கடகடவென்று அடித்துக்கொள்ளும் அல்லது அரைகுறையாகப் பிடித்து கான்டாக்ட் கருகும். ஹெட்லைட்டைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் வயரை நேரடியாகக் கீறி எடுக்காமல், அந்த வண்டிக்கென்றே வரும் அடாப்டரைப் பயன்படுத்துங்கள்; இல்லையேல் பல்ப் பழுது என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை எரியும்.

டிரைவிங் லைட் தனியாகவும் எரிய வேண்டும் என்பவர்களுக்கு ஆன்-ஆஃப்-ஆன் சுவிட்ச். நடுக் கால் 86க்கு, மேல் நிலையில் ஹை பீம் சிக்னல், கீழ் நிலையில் இக்னிஷன் சப்ளை, நடுவில் அணைவு. இதையே ரிவர்ஸ் லைட்டுக்கும் செய்யுங்கள்: மேலே ரிவர்ஸ் கியர் சிக்னல், கீழே நிரந்தர சப்ளை. மேலே வைத்துவிட்டால் கியர் போட்டதும் எரியும், எடுத்ததும் அணையும், சுவிட்சை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். சிலர் ஆன்-ஆஃப்-ஆன் வாங்காமல், ரிவர்ஸ் சிக்னல் வயரையும் தனி சுவிட்சின் வயரையும் ஒரே 86இல் முறுக்கிவிடுகிறார்கள். சுவிட்சைப் போட்டதும் கரண்ட் ரிவர்ஸ் வயரில் பின்னோக்கிப் பாயும். வண்டி முன்னால் போய்க்கொண்டிருக்கும்போதே கம்பெனி ரிவர்ஸ் லைட் எரியும், பார்க்கிங் கேமரா திரையைப் பிடித்துக்கொள்ளும்.

ரிலே இருந்தால் சுவிட்ச் எங்கும் போகலாம்

ரிலே சுருள் இழுப்பது 0.15 முதல் 0.2 ஆம்பியர். நான்கும் சேர்ந்தே ஒரு ஆம்பியருக்குள். ஆகவே சுவிட்சுக்கு 0.75 சதுர மி.மீ. வயர் தாராளம், நான்குக்கும் சேர்த்து ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். மெல்லிய வயர் எந்த இடுக்கிலும் நுழையும், கூரைக்கும் ஏறும். லைட்டின் கரண்ட்டை நேரே சுவிட்ச் வழியாக விட்டால் இந்தச் சுதந்திரம் போய்விடும். இரண்டு 55 வாட் ஹாலஜன் சேர்ந்து 9 ஆம்பியர். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் மீட்டருக்குச் சுமார் 7 மில்லிஓம். பம்பருக்குப் போக வேண்டிய கரண்ட் கேபினுக்குள் சுற்றி வர 6 மீட்டர் கூடினால் சுமார் 0.4 வோல்ட் வழியிலேயே செலவு. ஹாலஜனில் இந்தச் சின்ன இழப்பே வெளிச்சத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வீட்டு மாறு மின்னோட்ட சுவிட்சைக் கொண்டுவந்து பொருத்துவதும் வேண்டாம்: நேர் மின்னோட்டத்தில் தீப்பொறி தானாக அறுபடாது, கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். அதாவது அணைக்கவே முடியாது.

அந்த 55 வாட் ஜோடிக்குப் பேட்டரிக்கு மிக அருகில் 15 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் காப்பது வயரைத்தான், லைட்டை அல்ல. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரையிலான துண்டு பாதுகாப்பற்றது, அதனால் அது ஒரு சாணுக்குள் இருக்கட்டும்.

கேபினுக்குள் வயர் நுழைய, ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) கம்பெனி விட்ட ரப்பர் குரோமெட்டையே, அதாவது துளை விளிம்பை மூடும் வளையத்தையே, தேடுங்கள். புதிதாகத் துளை போட்டால் குரோமெட் இல்லாமல் விடக் கூடாது. தகட்டு விளிம்பு ஒரே சீசனில் இன்சுலேஷனை அறுத்துவிடும். எஞ்சின் பக்கத்தில் வயர் கீழே தொங்கி, பிறகு மேலேறித் துளைக்குள் போக வேண்டும். மேலிருந்து இறங்கி நுழைந்தால் தண்ணீர் வயரைப் பிடித்தபடியே உள்ளே வந்து, கார்ப்பெட்டில் சொட்டும்.

அட்டையில் ஒத்திகை, பிறகு அரம்

பிளாஸ்டிக்கில் கை வைக்கும் முன் அட்டையில் சுவிட்ச் அளவு துண்டுகளை வெட்டி, தேர்ந்தெடுத்த இடத்தில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். ஒரு வாரம் அப்படியே ஓட்டுங்கள். அதில் ஓர் இரவுப் பயணமும் ஒரு குலுங்கல் பாதையும் இருக்கட்டும். கண்ணை ரோட்டில் வைத்தபடி அட்டையைத் தொட்டுப் பாருங்கள். முழங்கால் பட்டு அட்டை விழுந்தால் அங்கே சுவிட்ச் வேண்டாம். மூன்றாம் நாளே இடத்தை மாற்றத் தோன்றும். இந்தக் கட்டத்தில் மாற்றச் செலவில்லை.

இடம் உறுதியானபின் பின்பக்கம். கடல் வாகனங்களிலும் இந்த வண்டிகளிலும் பரவலாக வரும் ராக்கர் சுவிட்சுக்கு வெட்டு அளவு சுமார் 37 x 21 மி.மீ.; சின்னக் குச்சியைத் தள்ளி இயக்கும் டாகிள் சுவிட்சுக்கு 12 மி.மீ. வட்டத் துளை. ஆழத்துக்குச் சுவிட்சின் உடலை மட்டும் கணக்கிட்டு ஏமாறாதீர்கள்: டெர்மினல், அதில் ஏறும் லக் (வயர் முனையின் உலோகக் கவ்வி), வயர் மடங்கும் வளைவு எல்லாம் சேர்த்து 7 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். பின்னால் ஏசி குழாயா, ஸ்டீயரிங் தண்டா, வயர் கட்டா என்று பேனலைக் கழற்றிக் கண்ணால் பார்த்த பிறகே டிரில். கழற்ற முடியாத இடமென்றால், டிரில் பிட்டில் நுனியிலிருந்து 5 மி.மீ. தள்ளி டேப்பைச் சுற்றுங்கள். அதற்கு மேல் உள்ளே போகாமல் நிறுத்த அது அடையாளம்.

மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் மேல் கோடு போடுங்கள், பிளாஸ்டிக் கீறாது. நான்கு மூலைகளிலும் கோட்டுக்கு உள்ளே 3 மி.மீ. துளை, மூலையில் துளை இருந்தால் விரிசல் ஓடாது. டிரில்லை மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் பிளாஸ்டிக் உருகிப் பிட்டில் பிசினாகச் சுற்றும். வெட்டைக் கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளேயே நிறுத்தி, மீதியைத் தட்டை அரத்தால் ராவி, ராவி, சுவிட்சை வைத்து வைத்துப் பாருங்கள். அரை மி.மீ. கூடிவிட்டால் சுவிட்சைப் பலகையில் பிடிக்கும் பக்கச் சிறகு கவ்வாது, ஒவ்வொரு அழுத்தலுக்கும் சுவிட்ச் ஆடும். மிகத் தடித்த பலகையிலும் சிறகு விரிய இடமில்லாமல் இதே கதை. பின்பக்கத்தைச் சுரண்டி மெலிதாக்க வேண்டும்.

மாட்டும் முன் எல்லா வயரிலும் 15 செ.மீ. உபரி விடுங்கள். பேனலை வெளியே இழுத்து டெர்மினலைப் பார்க்க முடியாத வயரிங்கை ரிப்பேர் செய்பவர் திட்டாமல் இருக்க மாட்டார். டெர்மினலுக்குப் பின்னால் ஒரு கை அகலத்துக்குள் வயரை எதிலாவது டை போட்டுக் கட்டுங்கள். தொங்கும் வயரின் எடைதான் குலுக்கலில் லக்கைத் தளர்த்துகிறது.

எந்தப் பக்கம் அழுத்தினால் ஆன் என்பதை வண்டியின் மற்ற சுவிட்சுகளோடு ஒத்துப்போக வையுங்கள். ஒரே விதிவிலக்கு, முழங்கால் படக்கூடிய இடத்தில் டாகிள் வைக்க நேர்ந்தால்: முழங்கால் எந்தத் திசையில் தட்டுமோ அந்தத் திசை "ஆஃப்" ஆக இருக்கட்டும். தவறி அணைந்த லைட் தெரிந்துவிடும். பகலில் தவறி எரிந்தது தெரியாது.

சுவிட்சின் இண்டிகேட்டர் எதைச் சொல்கிறது என்பதையும் யோசியுங்கள். சுவிட்சின் சொந்த அவுட்புட்டில் இணைத்தால் "நான் ஆனில் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லும். ரிலேயின் 87இலிருந்து ஒரு மெல்லிய வயரைத் தனிச் சின்ன ஃபியூஸோடு கொண்டுவந்து இணைத்தால், லைட்டுக்குக் கரண்ட் போகிறதா என்றே காட்டும். ஃபியூஸ் போனதும் ரிலே ஒட்டிக்கொண்டதும் சீட்டிலிருந்தே தெரியும். பின்னால் இருக்கும் லைட்டுக்கு இது கட்டாயம், ஏனென்றால் அது எரிவது டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. நீல நிற இண்டிகேட்டரை வாங்காதீர்கள், இருட்டில் கண்ணைக் குத்தும். சிவப்போ ஆம்பரோ போதும். அதுவும் கூசினால் கறுப்பு டேப்பை ஒட்டி, குண்டூசியால் ஒரு துளை.

உங்கள் நான்கு சுற்றுகளுக்கு என்னைக் கேட்டால்: டிரைவிங் லைட் ஆன்-ஆஃப்-ஆன் சுவிட்ச், கியர் பக்கம் ஸ்டீயரிங்குக்கு மிக அருகிலுள்ள காலி மூடியில், ஹை பீமோடு இணைத்து. ரிவர்ஸ் லைட்டும் ஆன்-ஆஃப்-ஆன், அதற்கடுத்த மூடியில், ஆனால் நடுவில் ஒரு மூடியைக் காலியாக விட்டு, விரலுக்கு இடைவெளி தெரியும்படி. பக்கவாட்டு லைட் கன்சோலின் முன்பக்கம், இரண்டு சீட்டுக்கும் எட்டும் இடத்தில். கேம்ப் லைட் கூரையில் ஒன்று, பின்கதவில் ஒன்று, நிரந்தர சப்ளையில். டிரைவிங் லைட் மூடி ஸ்டீயரிங் வளையத்துக்குப் பின்னால் மறைந்துபோகிற வண்டியானால், அதையும் பக்கவாட்டு லைட்டையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.